சக்களத்தியின் முறை

மார்ச் 4

அன்பு மச்சானுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் காதுவலி விட்டதா, கம்பளிக் குல்லாயைத் தலையில் போடுகிறாயா இல்லை பெட்டியிலேயே வைத்திருக்கிறாயா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள்.

போன ஞாயிறு போட்டோ கிளப்பில் மருந்துக்கடைக்காரர் மறுபடியும் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் இருப்பது ஒரே ஒரு கேமரா. வார் அறுந்து சணல் கயிறு கட்டியிருக்கிறார். "என்ன லென்ஸ்ங்க?" என்று கேட்டேன். "இதோட வந்ததுங்க" என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படத்தின் ஓரமெல்லாம் கரைந்து கிடக்கிறது. நடுவர் கண்ணில் அது படவே இல்லை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் இந்த லட்சணத்தில் பார்த்தால் ஊரே வாந்தியெடுக்கும்.

சுற்றி வளைத்தது போதும். உன் அக்காவுக்கு இடது கீழ்த்தாடை எலும்பில் ஒரு கட்டி. பல்வலி பல்வலி என்றே மூன்று மாதம் ஓட்டிவிட்டாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நான் மூன்றாவது தடவையும் கேட்டேன். ஆனால் அந்தப் பக்கத்து எலும்பில் பாதிக்கு மேல் எடுத்துவிட வேண்டுமாம். முகம் ஒரு பக்கம் உள்வாங்கும், வாய் கோணும் என்கிறார். ஜூன் இரண்டாம் வாரம் ஆபரேஷன்.

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அதுக்கு முன்னாடி என் மூஞ்சிய ஒழுங்கா ஒரு படம் எடுத்துக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். நாம் சேர்ந்து வாங்கிய எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் இப்போது உன்னிடம் இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை உன் முறை, அதன்பின் என் முறை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள் முன்னே பின்னே கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். முகத்துக்கென்றே பிறந்த லென்ஸ் அது. உன் அக்கா அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தால் என்ன, அந்தச் சக்களத்தி கண்ணுக்குத்தான் அவள் அவளாகத் தெரிவாள். மலையிலிருந்து இறங்கும் அடுத்த வண்டியில் அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் அத்தான்


மார்ச் 19
(எழுதி, அனுப்பாமல், வானிலைப் பதிவேட்டின் பின்னட்டைக்குள் வைத்தது)

அத்தானுக்கு,

சௌக்கியமா என்று கேட்க எனக்குக் கை வரவில்லை. அக்காவைப் பற்றி எழுதியதை நாலு தடவை படித்துவிட்டேன்.

சக்களத்தி உடைந்துவிட்டாள். ஜனவரி பத்தொன்பதாம் தேதி காலை, மழைமானியில் அளவெடுக்கப் போனபோது ஈரப் பாறையில் கால் வழுக்கியது. கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் விழுந்திருக்க வேண்டும். கையை ஊன்றி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். முன்கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். உள்ளே ஏதோ கழன்றுவிட்டது. ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வருகிறது.

இரண்டு மாதமாக உங்களிடம் மூச்சுவிடவில்லை. ஜூலையில் முறை மாறுவதற்குள் சரிசெய்துவிடலாம், உங்களுக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். அந்த லென்ஸைத் துடைக்கும்போது நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். அதை உடைத்தேன் என்று உங்களிடம் எப்படிச் சொல்வது? போன வண்டியில் டிரைவரிடம் கொடுத்து, கீழே டவுனில் லென்ஸ் ரிப்பேர் பார்ப்பவரிடம் சேர்க்கச் சொன்னேன். அவர் என்ன சொல்வாரோ.

இந்தக் கடிதத்தை நாளை வண்டியில் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் பாரம் இறங்கும்.


மார்ச் 20

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. காதுவலி போய்விட்டது, குல்லாய் தலையில்தான் இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லுங்கள். அவளைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள் என்று எழுதப் பார்த்தேன். அவள்தான் நமக்குச் சொல்வாள் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

சக்களத்தி விஷயம். இந்த மலையின் ஈரத்தில் லென்ஸுக்குள் லேசாக ஆவி கோத்துக்கொண்டுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. டவுனில் ஒருவரிடம் திறந்து துடைக்கக் கொடுத்திருக்கிறேன். மே முதல் வாரம் உங்கள் கைக்கு வந்துவிடும். ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறதே.

அதற்குள் அவசரப்பட்டு வேறு எதிலாவது எடுத்துவிடாதீர்கள். அக்கா முகத்துக்கு அதுதான் சரி. நம் இருவருக்கும் தெரியாததா?

அவளுடைய சாப்பாடு எப்படி, மெல்ல முடிகிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
மச்சான்


ஏப்ரல் 12

அன்பு மச்சானுக்கு,

சாப்பாடு குறைந்துவிட்டது; வலது பக்கமாகவே மெல்லுகிறாள். மற்றபடி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அச்சகத்தில் புரூப் பார்க்கிற வேலைக்கு வாய் தேவையில்லையாம்.

லென்ஸில் ஆவி கோத்தது என்று எழுதியிருந்தாய். படிந்துவிட்டால் பூஞ்சைதான். நல்ல வேளை, உடனே கொடுத்தாய். நீ பொறுப்பானவன், அந்தக் கவலை எனக்கில்லை.

சும்மா இருக்க வேண்டாம் என்று வீட்டிலுள்ள பதினொரு லென்ஸையும் இந்த மாதம் சோதித்துப் பார்த்தேன். நம் வழக்கம்தான்: பின்புறச் செங்கல் சுவருக்கு முன்னால் உன் அக்கா நிற்பாள், நெஞ்சுக்கு நேரே அன்றைய செய்தித்தாளைப் பிடித்துக்கொள்வாள், நான் எழுத்தில் ஃபோகஸ் வைப்பேன். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸில் கிட்டே போனால் மூக்குப் பெரிதாகிறது. நூற்றுமுப்பத்தைந்துக்கு நான் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் போய் நிற்க வேண்டும். நூறில் எழுத்தின் ஓரம் பிசிறுகிறது. உன் அக்கா பிரிண்ட்டைப் பார்த்துவிட்டு, "மூணாவது பத்தியில ஒரு எழுத்து விட்டுப்போச்சு. இந்தப் பக்கம் யார் பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

மருந்துக்கடைக்காரருக்கு எப்படியோ சேதி தெரிந்து வீட்டுக்கே வந்துவிட்டார், தோளில் அந்தச் சணல் கயிறோடு. "நான் வேணா ரெண்டு எடுத்துப் பாக்கட்டுங்களா?" என்றார். நல்ல லென்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். அவள் வாழ்நாளைக்கும் வைத்துப் பார்க்கப்போகிற படம், அந்த டப்பாவிலா?

தேதி குறித்துவிட்டார்கள். ஜூன் 9. இடது பக்கம் லேசாக வீங்கத் தொடங்கியிருக்கிறது. சக்களத்தி வந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரே கிளிக்கில் அதை மறைத்துவிடுவேன். ரிப்பேர்காரரைக் கொஞ்சம் முடுக்கு.

உன் அத்தான்


மே 3

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். குல்லாய் தலையில் இருக்கிறது என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை.

உன் அத்தானுக்குத் தெரியாமல் அச்சகத்திலிருந்து எழுதுகிறேன். என் தலையெழுத்தைப் பார்: ஒரு புருஷன், பதினொரு லென்ஸ், என் மூஞ்சிக்கு மட்டும் ஒன்றும் பொருந்தவில்லையாம். தினமும் சாயங்காலம் சுவரோரம் நிற்கிறேன். குற்றவாளியை நிறுத்திவைத்துப் படம் எடுப்பார்களே, அந்த மாதிரி. கையில் பேப்பர்தான் பலகை.

நேற்று நான் பேப்பரைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னேன், "இப்ப எடுங்க. எது மாட்டியிருக்கோ அதுலயே எடுங்க." கேமராவைக் கண்ணில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு இறக்கிவிட்டு, "வெளிச்சம் போயிடுச்சு" என்றார். வெளிச்சம் போகவில்லை தம்பி. நான் இருபது வருடமாக எழுத்தைப் பார்த்துக் கண் பழுத்தவள், எனக்கு வெளிச்சம் தெரியும்.

அவருக்கு லென்ஸ் இல்லாத குறையில்லை. படம் எடுத்துவிட்டால் இது நடக்கப்போகிறது என்று ஆகிவிடும், அதுதான் பயம். லென்ஸ் வரட்டும், லென்ஸ் வரட்டும் என்று அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

எனக்கும் பயம் இருக்கிறது. ராத்திரி கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணப் படம் இருக்கிறதே என்பாய். அதில் இருப்பது தலையைக் குனிந்துகொண்டிருக்கும் யாரோ ஒரு பெண். எனக்கு இந்த நாற்பத்திரண்டு வயது முகம் வேண்டும். இப்படித்தான் இருந்தேன் என்று நானே மறந்துவிடக்கூடாது.

ஸ்டுடியோவுக்கு நானே போயிருப்பேன். போனால் அவர் உடைந்துபோவார். அதனால் நீ ஒன்று செய். சக்களத்தியை அனுப்பாதே. வராது, இருப்பதை வைத்து எடுங்கள் என்று இரண்டு வரி எழுதிப் போடு. நீ சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
அக்கா


மே 27

அத்தானுக்கு,

மலைச்சரிவு விழுந்து மூன்று வாரம் பாதை மூடிக் கிடந்தது. முந்தாநாள்தான் வண்டி வந்தது. அக்காவின் கடிதமும் ஒரு பார்சலும் சேர்ந்து வந்தன. நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்றுகூட எனக்கு இப்போது தெரியவில்லை.

பார்சலில் சக்களத்தி திரும்பி வந்திருக்கிறாள். "இதை ஒன்றும் செய்ய முடியாது" என்று ரிப்பேர்காரர் சீட்டு வைத்திருக்கிறார். ஆவியெல்லாம் பொய், அத்தான். ஜனவரியிலேயே கீழே போட்டு உடைத்துவிட்டேன். சொல்லப் பயந்துகொண்டு உங்களைக் காத்திருக்க வைத்தேன். வேறு எதிலும் எடுக்காதீர்கள் என்று நானே எழுதினேன். அந்த வரியை எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

லென்ஸ் வராது. கையிலிருப்பதில் எடுங்கள். ஐம்பதில் எடுங்கள், மூக்குப் பெரிதானால் ஆகட்டும். மருந்துக்கடைக்காரரைக் கூப்பிடுங்கள். யாராவது எடுங்கள்.

ஒயர்லெஸ்ஸில் சேதி அனுப்பலாமா என்று வானிலை நிலைய அதிகாரியிடம் கேட்டேன். "உயிர் போற விஷயமா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப தபால்லயே போடுப்பா" என்றார். காற்று, மழை, மேகம் தவிர வேறெதுவும் அதில் போகாது.

இந்தக் கடிதம் ஜூன் ஐந்துக்குள் வந்துவிடும். நாலு நாள் இருக்கும். நாலு நாள் போதும், இல்லையா? உடைந்த லென்ஸையும் தனிப் பார்சலாக அனுப்புகிறேன். என்னிடம் அது இருக்கக்கூடாது.

மச்சான்


ஜூன் 2

அன்பு மச்சானுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாயிற்று. பாதை மூடியிருக்கிறது என்று பேப்பரில் பார்த்தேன். நீ பத்திரமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. மே 29. வேறொருவர் வராததால் இடம் காலியானது, உடனே வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. காலை பத்து மணிக்குச் சொன்னார்கள், பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டோம். துணி எடுத்துவைத்தோம், டம்ளர் எடுத்துவைத்தோம். வாசலைத் தாண்டும்போது அவள் ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்தாள். கேமரா மேஜைமேல்தான் இருந்தது, பத்தடி தூரத்தில். "ஆட்டோ நிக்குது" என்றேன். சரி என்று நடந்துவிட்டாள்.

நல்லபடியாக ஆயிற்று என்கிறார் டாக்டர். குழாய் வழியாகத்தான் ஆகாரம். முகமெல்லாம் கட்டு.

நேற்று வீட்டுக்கு வந்து எல்லா நெகட்டிவ்களையும் எடுத்துப் பரப்பினேன். பன்னிரண்டு வருடச் சோதனைப் படங்கள். எதிலாவது அவள் முகம் ஒழுங்காக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். உனக்குத்தான் தெரியுமே, லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தால் ஒரு விரற்கடை ஆழம்தான் தெளிவு. பேப்பரில் ஃபோகஸ் வைத்தால், அதற்குப் பின்னால் இருக்கும் முகம் கரைந்துதான் போகும். நாற்பத்துமூன்று ரோல். தேதி படிக்க முடிகிறது, வேலைவாய்ப்பு விளம்பரம் படிக்க முடிகிறது. பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

சக்களத்தி தபாலில் வந்துகொண்டிருப்பாள். இனி மெதுவாக வரட்டும்.

உன் அத்தான்


ஜூன் 18

அத்தானுக்கு,

அக்கா எப்படி இருக்கிறாள்?

என் கடிதம் இதற்குள் கிடைத்திருக்கும். ஆபரேஷன் முடிந்ததென்ற உங்கள் கடிதமும் என்னுடையதும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. லீவு கேட்டிருக்கிறேன், மாற்று ஆள் வந்தால் ஆகஸ்டில் விடுவார்களாம். வந்து அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஒரு வார்த்தை திட்டி எழுதுங்கள். அதைப் படித்த பிறகு நீங்கள் எழுதாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

மச்சான்


ஜூலை 20

அன்பு மச்சானுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் பார்சலும் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். உன் காது மறுபடி வலிக்கிறதா என்று எழுது.

திட்டச் சொன்னாய். திட்டினேன். பார்சலைப் பிரித்த அன்று இந்த மேஜையில் தனியாக உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். பிறகு லென்ஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். நீ சொன்ன சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஏப்ரலில் இது முழுசாக வந்து சேர்ந்திருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். மேகம் என்றிருப்பேன், ரோல் பழசு என்றிருப்பேன். மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்றாரே, அவரைத் திருப்பி அனுப்பியது நீயா? கேமராவுக்குள் அவள் முகம் தெரிந்தபோதெல்லாம் எனக்கு இடது பக்கம்தான் தெரிந்தது. அதை உன் அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நீ உடைத்ததைச் சொன்னேன். புரூப் தாளின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதிக் காட்டினாள்: "சக்களத்தி போனாளா? பாவம்." இப்போது அப்படித்தான் பேசுகிறாள், பேச்சுக் குழறுவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. நீ வரும்போது தயாராக வா. வாசலில் நின்று அழுதுவைக்காதே. நான் அழுதேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன ஞாயிறு கிளப்புக்குப் போகவில்லை. உன் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல வெளிச்சம். கேமராவை எடுத்தேன். அதில் ஐம்பது மாட்டியிருந்தது. மாற்றவில்லை. "இங்க பாரு" என்றேன். இனி எந்த முகமானாலும் எனக்கு அதுதான் வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது "இங்க பாரு" மட்டும்தான்.

அவள் பார்த்தாள். பிறகு பேப்பரை விரித்தாள், சோதனைக்குப் பிடிப்பாளே, அதே மாதிரி, நாலு மூலையும் இழுத்து, மடிப்பு இல்லாமல். "பேப்பர் வேணாம்மா" என்றேன். மெல்ல உயர்த்தினாள். நெஞ்சைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டாள். இறக்குவாள் என்று காத்திருந்தேன். பேப்பர் அசையவில்லை. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, மச்சான். எழுத்தில் ஃபோகஸ் வைத்து அழுத்தினேன்.

பிரிண்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார். ஒரு எழுத்துகூடப் பிசிறவில்லை. ஆகஸ்டில் வரும்போது குல்லாயைப் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாள் உன் அக்கா.

உன் அத்தான்